பானில் கார் வாங்குகிறீர்களா? சந்தேகங்களும் விளக்கங்களும்

ஜெர்மனியின் பான் நகருக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்த நம்மவர்கள் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளை 66-ஆம் எண் டிராமிலும் கொலோன் ரயிலிலும் ஓட்டிவிடுகிறார்கள். குழந்தை பிறந்ததும், அல்லது வேலை டிராம் போகாத ஓர் ஊருக்கு மாறியதும் வீட்டில் கார் பேச்சு எழுகிறது. கூடவே சந்தேகங்களும். வழக்கமாகக் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே விளக்கம்.

ஜெர்மனியில் போட்ட விலைதான் விலை, பேரம் பேசினால் மதிக்க மாட்டார்கள் என்கிறார்களே?

சூப்பர் மார்க்கெட்டுக்கு அது சரி. காருக்குப் பொருந்தாது. இந்த எண்ணம் பரவியதற்குக் காரணம் உண்டு. ரொக்கமாகக் கொடுத்தாலும் 3 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி தரக் கூடாது என்று 1933-இல் இங்கே ஒரு சட்டம் வந்தது. பொருளோடு இலவசம் சேர்த்துக் கொடுப்பதற்கும் 1932 முதல் கட்டுப்பாடு இருந்தது. இரண்டும் 2001 ஜூலையில்தான் நீங்கின. "இங்கே அதெல்லாம் வழக்கமில்லை" என்று சொல்லும் மூத்த சக ஊழியர் அந்தக் காலத்தில் கார் வாங்கியவராக இருக்கலாம்.

இன்று விலைப்பட்டியலில் கார் நிறுவனம் அச்சிடும் தொகை வெறும் பரிந்துரைதான். அதே விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று சொந்தமாக வியாபாரம் செய்யும் டீலரை நிறுவனம் கட்டாயப்படுத்தினால், அது போட்டிச் சட்ட மீறல். அதைக் கண்காணிக்கும் மத்திய கார்ட்டெல் அலுவலகமே 1999 முதல் பானில், கைசர் ஃப்ரீட்ரிஷ் தெருவில்தான் இருக்கிறது.

ஆனால் பேசும் விதம் வேறு. நுழைந்ததும் "கடைசி விலை என்ன?" என்று கேட்பது இங்கே கேலிக்குரிய பேச்சாகிவிட்டது. கேட்டவுடனே விற்பனையாளரின் முகம் மூடிக்கொள்ளும். எந்த மாடல், எந்த எஞ்சின், என்னென்ன வசதிகள் என்று முடிவு செய்துகொண்டு, இன்னொரு டீலர் எழுதிக் கொடுத்த விலைத்தாளை மேசையில் வையுங்கள். "உங்களிடம் வாங்கவே விரும்புகிறேன், இந்த விலைக்குப் பக்கத்தில் வர முடியுமா?" என்றால் அவர் கணினியைத் திருப்பிக் கணக்குப் போடத் தொடங்குவார். பான்வாசிகளுக்கு இதில் ஒரு வசதி: கொலோன், ஸீக்பூர்க், கோப்லென்ஸ் எல்லாம் எட்டும் தூரம். விலைத்தாளுக்குப் பஞ்சமில்லை.

எத்தனை சதவீதம் குறைப்பார்கள்?

எல்லோருக்கும் பொருந்தும் ஓர் எண்ணைச் சொல்பவரை நம்பாதீர்கள். புதிதாக வந்து முன்பதிவு குவியும் மாடலுக்கு அதிகம் குறையாது. அடுத்த மாடல் அறிவிக்கப்பட்டபின் டீலர் முற்றத்தில் நிற்கும் பழைய மாடலுக்கு நன்றாகவே குறையும். பல நிறுவனங்கள் டீலர்களுக்கு விற்பனை இலக்கு வைத்து, எட்டினால் போனஸ் தருகின்றன. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதக் கடைசியில் ஒரு கார் குறைகிற டீலரிடம் நீங்கள் போய்ச் சேர்ந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். நிறம், சக்கரம் என்று பிடிவாதம் பிடிக்காமல் முற்றத்தில் நிற்கும் காரையே எடுத்துக்கொள்ளவும் தயாராக இருந்தால் பேச்சு இன்னும் எளிது.

எல்லா பிராண்டுக்கும் இப்படிப் பேசலாமா?

முடியாது. டெஸ்லா விலையில் பேரத்துக்கு இடமே இல்லை. மெர்சிடிஸ் 2023-இல் ஜெர்மனியில் புதிய கார்களை ஏஜென்சி முறைக்கு மாற்றியது. அங்கே விலை வைப்பது நிறுவனம். ஷோரூம்காரர் கமிஷன் முகவர். அவரிடம் விலைக்காக மல்லுக்கு நிற்பது வீண். உங்கள் பழைய காருக்கு அவர் தரும் விலையைப் பற்றி வேண்டுமானால் பேசலாம்.

ஒருவர் 15 சதவீதம் தருகிறார், இன்னொருவர் 13 சதவீதம். முதலாமவரிடம் வாங்கலாம் அல்லவா?

அதிகமானோர் ஏமாறும் இடம் இதுதான். சதவீதத்தை மறந்துவிட்டு அடிவரித் தொகையைப் பாருங்கள். தள்ளுபடி பட்டியல் விலைக்குத்தான் கிடைக்கிறது. அதற்குக் கீழே 'ஊபர்ஃபூருங்ஸ்கோஸ்டன்' என்று ஒரு வரி இருக்கும். தொழிற்சாலையிலிருந்து டீலரிடம் காரைக் கொண்டுவரும் செலவு அது. அதற்குத் தள்ளுபடி கிடையாது, டீலருக்கு டீலர் தொகை மாறும்.

உதாரணத்துக்கு, பட்டியல் விலை 32,000 யூரோ. முதல் டீலர் 15 சதவீதம் குறைத்து 27,200 என்கிறார். கொண்டுவரும் செலவு 1,390, பதிவுச் செலவு 199. ஆக 28,789. இரண்டாமவர் 13 சதவீதம் குறைத்து 27,840 என்கிறார். கொண்டுவரும் செலவு 790, பதிவு இலவசம். ஆக 28,630. "குறைவாக" தள்ளுபடி தந்தவரிடம் 159 யூரோ மிச்சம்.

நம்மூரில் எக்ஸ்-ஷோரூம் விலை, ஆன்-ரோடு விலை என்று இரண்டு கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. இங்கே ஒரு பாதுகாப்பு உண்டு. நுகர்வோருக்கான விளம்பரத்தில் 19 சதவீத மதிப்புக்கூட்டு வரியும் சேர்ந்த முழு விலை இருக்க வேண்டும். டீலரிடம் கொண்டுவரும் கட்டாயச் செலவையும் அதில் சேர்த்தே காட்ட வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016 ஜூலையில் தீர்ப்பளித்தது. இதைச் சேர்க்காத விளம்பரத்தைப் பார்த்தால் அந்த டீலரிடம் மற்ற வரிகளையும் கூர்ந்து படியுங்கள்.

விலையை இதற்குமேல் குறைக்க மாட்டேன் என்கிறார். வேறு என்ன கேட்கலாம்?

குளிர்கால டயர் கேளுங்கள். பனியும் உறைபனியும் படிந்த சாலையில் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டக் கூடாது என்பது இங்கே சட்டம். அதனால் இது நீங்கள் எப்படியும் செலவழிக்கப் போகும் காசு. 2024 அக்டோபர் முதல் 'எம் பிளஸ் எஸ்' குறி மட்டும் உள்ள டயர் போதாது. மலைச் சிகரத்துக்குள் பனித்துகள் வரைந்த குறி வேண்டும். டயர் மட்டுமா, ரிம்மோடு சேர்ந்த முழுச் சக்கரமா என்பதையும் கேளுங்கள், இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிது. கேட்டு வாங்கிய ஒவ்வொன்றும் ஆர்டர் படிவத்தில் எழுத்தில் ஏற வேண்டும். விற்பனையாளர் வாயால் சொன்ன தரைவிரிப்பு, கார் வரும் நாளில் யாருக்கும் நினைவிருக்காது.

'டாகஸ்சூலாசுங்' என்ற பெயரில் மலிவாக விற்கிறார்களே, வாங்கலாமா?

இலக்கை எட்டுவதற்காக டீலர் தன் பெயரிலேயே ஒரு நாள் பதிவு செய்த கார் அது. ஓடியிருக்காது, விலை கணிசமாகக் குறையும். ஆனால் நிறுவனத்தின் கியாரண்டி அந்த முதல் பதிவு நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். உரிமை ஆவணத்திலும் நீங்கள் இரண்டாவது பெயர். எட்டு மாதம் முற்றத்தில் நின்ற காருக்கு எட்டு மாத கியாரண்டி போய்விட்டது என்று சொல்லி இன்னும் குறைக்கக் கேட்பது நியாயமே.

ரொக்கம் கொடுத்தால் அதிகம் குறைப்பார்களா? சீட்டு எடுத்த காசு கையில் இருக்கிறது.

அந்தக் காலம் மலையேறிவிட்டது. டீலருக்கு நீங்கள் கடன் வாங்கினால்தான் லாபம், வங்கி அவருக்குக் கமிஷன் தருகிறது. மேலும் 10,000 யூரோவும் அதற்கு மேலும் நோட்டாக நீட்டினால், பணச்சலவைத் தடுப்புச் சட்டப்படி அவர் உங்கள் அடையாள அட்டையைக் கேட்டே ஆக வேண்டும். வங்கி வழியே அனுப்புங்கள்.

கடன் என்றால் இரண்டு தாள் கேளுங்கள்: கடனோடு என்ன விலை, கடனில்லாமல் என்ன விலை. 0.99 சதவீத வட்டியில் 30,000 யூரோ கார், அதே கார் முழுப்பணம் கொடுத்தால் 27,500 என்று வைத்துக்கொள்வோம். 48 மாதத்தில் முதலாவதுக்கு ஏறத்தாழ 30,600 கட்டுவீர்கள். 27,500-ஐ வெளி வங்கியில் 6 சதவீதத்துக்கு வாங்கினால் ஏறத்தாழ 30,900. இங்கே டீலரின் கடன்தான் மலிவு. வெளி வங்கி 5 சதவீதத்துக்குத் தந்தால் கணக்கு மாறும். கையில் பணம் இருப்பவருக்கோ 27,500 தான் சந்தேகமில்லாத விலை. கடைசித் தவணை பெரிதாக இருக்கும் 'பலூன்' கடனில் மாதத் தொகை சிறியதாகத் தெரியும். மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். பல வங்கிகளில் வட்டி விசாரிக்கும்போது 'கோண்டிட்சியோன்ஸ்-ஆன்ஃப்ராகெ' என்ற விசாரணையாக மட்டும் பதியச் சொல்லுங்கள். கடன் விண்ணப்பமாகப் பதிந்தால், உங்கள் கடன் தகுதியைக் காட்டும் ஷூஃபா மதிப்பெண்ணைப் பாதிக்கலாம். அடுத்து, கடனோடு சேர்த்துத் தலையில் கட்டப்படும் கடன் காப்பீடு. 2025 ஜனவரி முதல், கடன் ஒப்பந்தம் போட்டு ஒரு வாரம் கழித்துத்தான் அதற்குக் கையெழுத்து வாங்க முடியும். அன்றே போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பழைய காரை அவரிடமே கொடுக்கலாமா?

கொடுக்கலாம். புதிய காரின் விலை எழுத்தில் வந்தபிறகு அந்தப் பேச்சை எடுங்கள். முதலிலேயே எடுத்தால் ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் குறைத்துக் குழப்பிவிடுவார்கள்.

கையெழுத்துப் போட்டபின் மனம் மாறினால்? 14 நாள் அவகாசம் உண்டல்லவா?

பலர் அப்படி நம்பித்தான் ஷோரூமில் கையெழுத்துப் போடுகிறார்கள். ஷோரூமில் நேரில் போட்ட ஒப்பந்தத்துக்கு 14 நாள் திரும்பப்பெறும் உரிமை கிடையாது. முழுக்க இணையத்திலோ தொலைபேசியிலோ முடித்த ஒப்பந்தத்துக்கு உண்டு. டீலர் ஏற்பாடு செய்த கடனில் வாங்கினால் கடனை 14 நாளில் ரத்து செய்யலாம், அதோடு இணைந்த கார் ஒப்பந்தமும் விழுந்துவிடும். இதைத் தவிர வாசல் இல்லை.

உங்கள் முன் வைக்கப்படும் தாளின் தலைப்பு பெரும்பாலும் 'ஃபெர்பிண்ட்லிஹெ பெஷ்டெல்லுங்' என்றிருக்கும். விலை விசாரிக்கும் படிவம் என்று நினைத்துவிடாதீர்கள், உங்களைக் கட்டுப்படுத்தும் ஆர்டர் அது. வழக்கமான நிபந்தனைகளின்படி புதிய காருக்கு மூன்று வாரம் வரை, டீலரிடமே நிற்கும் காருக்கு பத்து நாள் வரை நீங்கள் அதற்குக் கட்டுப்பட்டவர். அதற்குள் டீலர் ஏற்றுக்கொண்டால் ஒப்பந்தம் முடிந்தது. பிறகு காரை எடுக்க மறுத்தால் புதிய காருக்கு விலையில் 15 சதவீதம் நஷ்ட ஈடு கேட்கலாம் என்ற விதியை உச்ச நீதிமன்றம் 2012-இல் ஏற்றுக்கொண்டது. 28,000 யூரோ காருக்கு அது 4,200 யூரோ. உண்மையான நஷ்டம் குறைவு என்று நிரூபிக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் நிரூபிப்பது உங்கள் பாடு.

உங்களுக்குச் சாதகமான விதிகளும் இருக்கின்றன. நான்கு மாதத்துக்குள் தர வேண்டிய காருக்கு இடையில் விலையை ஏற்ற முடியாது. கட்டுப்படுத்தாத தேதி என்று குறித்த நாள் கடந்து ஆறு வாரம் ஆகிவிட்டால், காரைக் கொடு என்று டீலருக்கு எழுத்தில் கெடு வைக்கலாம்.

ஜெர்மன் தடுமாறினால் கூச்சப்படாமல் படிவத்தை வீட்டுக்குக் கேளுங்கள். "இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை" என்பவரிடமிருந்து எழுந்து வருவதில் நஷ்டம் ஏதுமில்லை.

பயன்படுத்திய காருக்கு என்ன கவனிக்க வேண்டும்?

டீலரிடம் வாங்கினால் குறைபாட்டுக்கு அவர் பொறுப்பு. இரண்டு ஆண்டுப் பொறுப்பை ஓராண்டாகக் குறைக்கலாம், ஆனால் அதைத் தனியாகவும் வெளிப்படையாகவும் உங்களோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 2022 முதல், முதல் ஓராண்டில் தெரியவரும் பழுது வாங்கும்போதே இருந்ததாகவே கருதப்படும். இல்லையென்று காட்ட வேண்டியது டீலர். தாளில் 'இம் குண்டன்ஆஃப்ட்ராக்' என்று எழுதியிருந்தால் விழித்துக்கொள்ளுங்கள். வேறொருவர் சார்பில் விற்கிறேன் என்று காட்டி இந்தப் பொறுப்பிலிருந்து நழுவும் வழி அது. தனியாரிடம் வாங்கும்போது பொறுப்பே இல்லை என்று எழுதிக்கொள்ள அவருக்கு அனுமதி உண்டு. பேரத்துக்கு வாய்ச்சொல்லைவிட டியூவ் அல்லது டெக்ரா சோதனைத் தாள் உதவும். பிரேக் தேய்மானம், அடுத்த கட்டாயப் பரிசோதனைத் தேதி ஆகிய இரண்டையும் காட்டி விலை கேளுங்கள்.

தகராறு வந்தால் எங்கே போவது?

பழைய கார் விவகாரத்துக்கு, டீலர் வாகனத் தொழில் சங்க உறுப்பினராக இருந்தால், அச்சங்கத்தின் சமரச மன்றத்துக்குக் கட்டணமின்றிப் போகலாம். புதிய கார் விலைத் தகராறை அது எடுத்துக்கொள்ளாது. நார்த்ரைன் வெஸ்ட்ஃபாலியா நுகர்வோர் மையத்துக்குப் பானிலேயே ஆலோசனைக் கிளை இருக்கிறது. சிறு கட்டணம் கேட்கலாம், வழக்கறிஞருக்கு ஆகும் செலவைப் பார்க்கையில் அது பெரிதல்ல. ஆர்டர் படிவத்தைக் கையெழுத்துப் போடும் முன்பே அங்கே எடுத்துச் செல்லுங்கள்.