சென்னையை விட யாழ்ப்பாணம் கிட்ட!
திருச்சிக்காரர்களுக்கு எது பக்கம்? சென்னையா, யாழ்ப்பாணமா?

"இதென்ன கேள்வி? சென்னைதான்" என்பீர்கள். அதுதான் இல்லை!

திருச்சி விமான நிலையத்தில் இருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் 290 கிலோ மீட்டர். யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையமோ சுமார் 185 கிலோ மீட்டர்தான். நடுவில் கடல் கிடப்பதால் தூரமாகத் தெரிகிறது.

தலையைச் சுற்றி மூக்கு

ஆனால் இந்தக் குறுக்கு வழி வெகு காலம் அடைபட்டுக் கிடந்தது.

விமானத்தில் கொழும்புக்குப் போக வேண்டும். அது 415 கிலோ மீட்டர். அங்கே இறங்கி, மறுபடி வடக்கே திரும்பி பஸ்சிலோ ரெயிலிலோ ஏறக்குறைய 400 கிலோ மீட்டர். 185 போக வேண்டியவர்கள் 800 சுற்றினார்கள்!

கல்யாணத்துக்குப் போகிறவர்கள் பொறுத்துக் கொள்ளலாம். சாவுச் செய்தி கேட்டு ஓடுகிறவர்கள் என்ன செய்வார்கள்?

பழைய பாதை

பலாலி, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம். 1947 டிசம்பர் 10-ந்தேதி ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்பு ரத்மலானையில் கிளம்பி, இந்த வழியாகத்தான் சென்னைக்கு வந்தது.

பிறகு போர் வந்தது. பாதை போனது.

2019 அக்டோபர் 17-ந்தேதி பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையில் இருந்து விமானம் பறந்தது. 2020-ல் கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. திருச்சியில் இருந்து நேர் விமானத்தை 2025 மார்ச் 30-ந்தேதி இண்டிகோ தொடங்கியது.

22 நிமிடம் எங்கே போச்சு?

இந்தப் பாதைக்கு விட்டது 78 சீட் கொண்ட ஏ.டி.ஆர். விமானம். முழு வேகத்தில் மணிக்கு 500 கிலோ மீட்டர் போகும். அப்படியானால் 185 கிலோ மீட்டருக்கு 22 நிமிடம் போதுமே! டிக்கெட்டில் ஏன் ஒரு மணி நேரம்?

விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்த நிமிடத்தில் இருந்து, அங்கே போய் நிற்கும் வரை கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும். உயரே ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. குட்டிப் பயணத்தில் ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பித்து விட வேண்டும். முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான்.

பாஸ்போர்ட் கட்டாயம்

பக்கத்து ஊர் மாதிரி இருந்தாலும் இது வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட், விசா வேண்டும். 2, 3 மணி நேரம் முன்னாடியே வந்து வரிசையில் நிற்க வேண்டும். இறங்கியதும் அங்கே குடியேற்ற சோதனை, சுங்கச் சோதனை. வீட்டை விட்டுக் கிளம்பி அந்த வீடு போய்ச் சேர அரை நாள் ஆகிவிடும்.

கடிகாரத்தை மட்டும் திருப்ப வேண்டாம். 2006-ல் இருந்து இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்தான்.

அரை நாளா என்று அலுத்துக் கொள்ள வேண்டாம். கொழும்பு சுற்றினால், அங்கே இறங்கிய பிறகு பஸ்சில் மட்டுமே ஒரு முழு ராத்திரி கழியும்!