செயற்கைப் பல்வேர்: யார் கையால் நட்டால் நிலைக்கும்?

பல் போனால் சொல் போச்சு என்பார்கள் நம் பெரியவர்கள். சொல் மட்டுமா போகிறது? ஆலயத்தில் கிடைக்கும் கொண்டைக்கடலைச் சுண்டலைக்கூட மெல்ல முடியாமல், பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளையிடம் நீட்டிவிடும் மூத்தோரை நாம் பார்க்கிறோம். கழற்றி மாட்டும் பல்செட் எல்லாருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே தாடை எலும்பில் டைட்டேனியம் உலோகத்தாலான ஒரு சிறு திருகாணியை வேராகப் பதித்து, அதன்மேல் பல்லைப் பொருத்தும் முறை இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பரவலாகிவிட்டது. 'இம்பிளாண்ட்' என்ற பெயரிலேயே பலரும் இதை அறிவர். ஒரு பல்லுக்கே ஆயிரக்கணக்கில் செலவாகும் சிகிச்சை இது. எனவே அன்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வழக்கமாகப் பார்க்கும் பல் டாக்டரே போதுமா, ஸ்பெஷலிஸ்டிடம்தான் போகவேண்டுமா?" என்பதாகவே இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு விடை தேடுமுன், நட்ட வேர் எப்படி நிலைக்கிறது என்பதைச் சற்று அறிந்துகொள்வது நல்லது.

சுவீடன் நாட்டைச் சேர்ந்த பேராசிரியர் பெர்-இங்வார் பிரோனெமார்க், 1952ஆம் ஆண்டில் முயலின் எலும்புக்குள் டைட்டேனியக் கருவி ஒன்றைப் பொருத்தி, இரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வு முடிந்ததும் கருவியைக் கழற்ற முயன்றால், அது வரவில்லை! எலும்பு அதனோடு ஒன்றாக இறுகிவிட்டிருந்தது. தற்செயலாகக் கண்ட இந்த உண்மைதான் இம்பிளாண்ட் சிகிச்சைக்கு அடிப்படை. 1965இல் முதன்முறையாக ஒரு மனிதரின் தாடையில் அவர் இதைச் செய்து பார்த்தார். அந்த நோயாளி 2006இல் மறையும்வரை, 40 ஆண்டுகளுக்கு மேல், அந்த வேர்கள் அவருக்குப் பயன்பட்டன.

எலும்பு இறுகுவதற்குச் சில மாதங்கள் ஆகும். பிரோனெமார்க் வகுத்த முறையில் கீழ்த்தாடைக்கு 3 மாதமும் மேல்தாடைக்கு 6 மாதமும் காத்திருந்தார்கள். இன்று வேரின் மேற்பரப்பைச் சொரசொரப்பாகச் செய்வதால் காலம் குறைந்திருக்கிறது. இந்தக் காத்திருப்புக் காலத்திலேயே வேர் பிடிக்காமல் போவதைத்தான் 'ஆரம்பத் தோல்வி' என்கிறார்கள். பல ஆண்டுகள் மென்று தின்ற பிறகு எலும்பு கரைந்து விழுவது வேறு வகை.

"என் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளவில்லை" என்று பலர் சொல்வதுண்டு. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிப்பதைப் போன்றதன்று இது. எலும்பு வளரவேண்டிய இடத்தில் மெல்லிய நார்த்தசை வளர்ந்துவிடுகிறது, வேர் ஆடுகிறது. பெரும்பாலும் வலிகூட இருப்பதில்லை. காரணங்களில் சில நோயாளியின் உடலைச் சேர்ந்தவை: புகைப்பழக்கம், கட்டுக்குள் இல்லாத நீரிழிவு, மேல்தாடையின் பின்பகுதியில் உள்ள மென்மையான எலும்பு, தாடைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருத்தல் போன்றவை. மற்றவை டாக்டரின் கையைச் சேர்ந்தவை. எலும்பைத் துளையிடும்போது உண்டாகும் சூட்டையே எடுத்துக்கொள்வோம். 47 பாகை செல்சியஸ் சூடு ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்பு அணுக்கள் கெட்டுவிடும் என்று 1980களிலேயே கண்டறிந்துவிட்டார்கள். நாம் குடிக்கும் தேநீர் அதைவிடச் சூடு! ஆகவே குளிர்ந்த உப்பு நீரை விடாமல் பாய்ச்சி, கூர்மையான துளைப்பானால், அழுத்தாமல், விட்டுவிட்டுத் துளைக்கவேண்டும். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் வேர் முதல் நாளே தளர்வாக நிற்கும். இவையெல்லாம் புத்தகத்தில் படித்து வருவனவல்ல. செய்து செய்து கைக்கு வரவேண்டியவை.

இதற்குச் சான்றும் உண்டு. 1997இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 50 வேர்களுக்குக் குறைவாக நட்ட மருத்துவர்களிடம் ஆரம்பத் தோல்வி, அனுபவமுள்ளவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு இருந்ததாகக் காட்டியது. பட்டம் எது என்பதைவிட, இதுவரை எத்தனை நட்டிருக்கிறார் என்பதே அங்கே வேறுபாட்டைக் காட்டிற்று.

அப்படியானால் நிபுணத்துவப் படிப்புக்கு மதிப்பில்லையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. எந்தப் பிரிவு நிபுணரிடம் தோல்வி குறைவு என்று ஒப்பிட்ட ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. எலும்பு தேய்ந்தவர், ஏற்கெனவே ஒருமுறை தோற்றவர் என்று சிக்கலானவர்களைத்தான் மற்ற டாக்டர்கள் நிபுணரிடம் அனுப்புகிறார்கள். கடினமான வழக்குகளையே எடுத்து நடத்தும் வழக்குரைஞர் சற்று அதிகமாகத் தோற்றால், அவரைத் திறமையற்றவர் என்போமா?

ஒவ்வொருவரின் படிப்பும் ஒவ்வொரு கண்ணைத் தருகிறது என்பதே உண்மை. வாய், முகத்தாடை அறுவை நிபுணரின் பார்வை எலும்பின் அளவிலும், கீழ்த்தாடையில் ஓடும் நரம்பிலும், மேல்தாடைக்கு மேலுள்ள சைனஸ் அறையிலும் இருக்கும். எலும்பு போதாதபோது அதைச் சேர்த்து வளர்ப்பது அவருக்குப் பழகிய வேலை. ஈறு நோய் நிபுணரோ முதலில், அந்தப் பல் ஏன் போயிற்று என்று கேட்பார். ஈறு நோயால் விழுந்திருந்தால் மீதமுள்ள பற்களைச் சுற்றியும் அதே கிருமிகள் இருக்கும். அதைக் குணப்படுத்தாமல் நடுவது பூச்சி அரித்த நிலத்தில் மறுபடி நாற்று நடுவதற்கு ஒப்பாகும். செயற்கைப் பல் நிபுணர் தலைகீழாகச் சிந்திப்பவர். மேலே வரப்போகும் பல் எங்கே அமையவேண்டும், கடிக்கும் பாரம் எப்படி விழும் என்று பார்த்த பிறகே வேர் எங்கே என்று முடிவு செய்வார். நட்ட அன்றே தற்காலிகப் பல் வைக்கலாமா கூடாதா என்பதில் இவர் சொல்லுக்கு எடை அதிகம். வேர் இறுகுமுன் பாரம் விழுந்து ஆடினால், அது பிடிக்காது. நம் பொதுப் பல் மருத்துவரிடம் இருப்பது வேறொன்று: 20 ஆண்டு மருத்துவக் குறிப்பு. இரவில் பல்லைக் கடிப்பவர் யார், சிகரெட்டை விட்டதாகச் சொல்லி விடாதவர் யார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

நோயாளியைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு முக்கியம் என்பதைச் சுவீடனில் 2015இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டுகிறது. 2,765 பேருக்கு நட்ட 11,311 வேர்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 1.4 விழுக்காடு ஆரம்பத்திலேயே விழுந்தன. ஆனால் ஆட்கணக்கில் பார்த்தால் 4.4 விழுக்காட்டினர் குறைந்தது ஒன்றையாவது இழந்தனர். ஒருவருக்குச் சராசரியாக நான்கு வேர் நட்டிருந்ததால் இந்த வேறுபாடு. "என்னிடம் நூற்றுக்கு 98 வெற்றி" என்று யாராவது சொன்னால், அது வேர்க்கணக்கா ஆட்கணக்கா என்று கேட்பதில் தவறில்லை. புகைப்பவர்களுக்கும் ஈறு நோய் இருந்தவர்களுக்கும் ஆரம்ப இழப்பு கூடுதல் என்றும் அந்த ஆய்வு கண்டது. நம் இந்திய சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பதால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைப் பாராமலே தேதி குறித்துக் கொடுக்கும் மருத்துவர், எந்தப் பட்டம் பெற்றிருந்தாலும், சற்று யோசிக்கவேண்டியவரே.

சிங்கப்பூரில் பல் மருத்துவத்தில் அங்கீகரிக்கப்பட்ட நிபுணத்துவப் பிரிவுகள் ஏழு. அவற்றுள் இம்பிளாண்ட் என்று தனிப் பிரிவு இல்லை; அறுவை, ஈறு, செயற்கைப் பல் ஆகிய பிரிவுகளில் பயின்றோரும், தனிப் பயிற்சி பெற்ற பொதுப் பல் மருத்துவர்களும் இதைச் செய்கிறார்கள். ஒருவர் நிபுணரா என்பதைச் சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம். மலேசியாவில் 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது முதல், நிபுணர்களும் தனியே பதிந்துகொள்ளவேண்டும். சுவரில் தொங்கும் சான்றிதழ்களில் சில, வார இறுதிப் பயிலரங்கில் கலந்துகொண்டமைக்காகத் தரப்பட்டவையாகவும் இருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். சிலர் செலவு குறைவென்று ஜோகூர் பாருவுக்குப் போகிறார்கள். சிலர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சென்னையிலோ மதுரையிலோ செய்துகொண்டு திரும்புகிறார்கள். அங்கேயும் கைதேர்ந்த மருத்துவர்கள் இருக்கிறார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் நட்ட வேரின் பிடிப்பு மூன்றாம், நான்காம் வாரத்தில்தான் மிகக் குறைவாக இருக்கும். திருகாணி முதலில் இறுக்கிப் பிடித்திருந்த பழைய எலும்பு கரைந்து, புது எலும்பு இன்னும் கெட்டிப்படாத காலம் அது. அந்த நேரத்தில் நட்ட டாக்டர் கடல் கடந்து இருந்தால் யாரிடம் காட்டுவது?

ஆகவே முதல் சந்திப்பிலேயே தயங்காமல் கேளுங்கள். இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள், என்னைப் போல எலும்பும் சர்க்கரையும் உள்ளவருக்குச் செய்ததுண்டா, முப்பரிமாண ஸ்கேன் எடுப்பீர்களா, மேலே பல் வைப்பவரும் நீங்களா வேறொருவரா என்று கேட்கலாம். நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார். அறுவைக்கு ஒரு மணி நேரத்துக்கு முன் ஒரே ஒரு முறை தரும் அமாக்சிசிலின் மருந்து ஆரம்பத் தோல்வியைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. அதையும் கேளுங்கள், பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேர் பிடிக்காவிட்டால் மறுபடி நடுவதற்குக் கட்டணம் உண்டா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்வது நலம். சிங்கப்பூரில் மெடிசேவ் சேமிப்பை அறுவைப் பகுதிக்கு மட்டுமே பயன்படுத்தலாம், மேலே வைக்கும் பல்லுக்கு அன்று.

அப்படியே தோற்றாலும் அதோடு முடிந்துவிடுவதில்லை. ஆடும் வேரை எளிதாக எடுத்துவிடலாம். இரண்டு மூன்று மாதம் எலும்பை ஆறவிட்டு மறுபடி நடலாம். இரண்டாம் முறை வெற்றி வாய்ப்பு முதல் முறையைவிடச் சற்றுக் குறைவு என்பதால், முதல் முறை ஏன் தோற்றது என்று கண்டறிந்த பிறகே செய்யவேண்டும். அதற்கு, நட்ட வேரின் நிறுவனப் பெயர், விட்டம், நீளம், நட்ட தேதி ஆகியவை எழுதிய சீட்டு தேவைப்படும். அறுவை நாளன்றே அதைக் கேட்டு வாங்கி, கடப்பிதழ் இருக்கும் உறையிலேயே போட்டு வையுங்கள்.