வாயு உட்செலுத்து கிணறும் கணனிக் கணிப்பும்

கிணறு என்றவுடன் அதிலிருந்து எதையேனும் எடுத்தலே நமக்கு நினைவுக்கு வரும். நீர்க்கிணறாயினும் எண்ணெய்க் கிணறாயினும் எடுத்தலே அதன் பயன் எனக் கருதிப் பழகிய நமக்கு, உள்ளே செலுத்துதற்கென்றே கிணறு துளைப்பர் என்னும் செய்தி சற்று வியப்பளிக்கலாம். ஆயினும் உலகின் எண்ணெய், எரிவாயு வயல்களிலே இத்தகைய கிணறுகள் பல உள. எண்ணெய்ப் பாறையின் அமுக்கம் தளராதிருத்தற்பொருட்டு வாயுவைத் திரும்பச் செலுத்துவர். கோடையில் மிகுந்த எரிவாயுவை மாரிக்கெனப் பாறையினுள் சேமித்து வைப்பர். காபனீரொட்சைட்டு வளியிற் கலவாதிருத்தற்பொருட்டும் அதனை நிலத்தின் ஆழத்தே புகுத்துவர்.

நோக்கம் எதுவாயினும் பொறியியலாளன் முன் இரு வினாக்கள் நிற்கும். கிணற்றுவாயில் இன்ன அமுக்கத்தைக் கொடுத்தால் நாளொன்றுக்கு எத்தனை தொன் வாயுவைக் கிணறு ஏற்கும் என்பது முதலாவது. அவ்வாறு எத்தனை ஆண்டுகள் ஏற்கும் என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் விடை காண இக்காலத்தே கணனி மென்பொருளையே நாடுகின்றனர். முதல் வினாவுக்கு மென்பொருள் தரும் விடையைப் பெரும்பாலும் நம்பலாம். இரண்டாம் வினாவுக்கு அது தரும் விடையோ, பாறையைப்பற்றி நாம் அதற்குச் சொல்லிவைத்த செய்தியின் அளவுக்கே மெய்யாகும். இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும் உண்மை வரலாறொன்று நோர்வே நாட்டிலே நிகழ்ந்தது.

நோர்வேயின் வடகோடியில், பேரன்ற்ஸ் கடலின் அடியில், ஸ்னோவித் என்னும் எரிவாயு வயல் உளது. நாடோடிக் கதையில் வரும் பனிவெண்மகளின் பெயரே அதற்கு இடப்பட்டுள்ளது. அங்கிருந்து வரும் வாயு, ஹமர்பெஸ்ற் நகருக்கு அண்மையிலுள்ள மெல்கோயாத் தீவிலே −162 பாகை செல்சியசு வரை குளிர்த்தித் திரவமாக்கப்படுகின்றது. அவ்வாயுவிலே 5 முதல் 8 வீதம் வரை காபனீரொட்சைட்டுக் கலந்திருக்கும். அதனை நீக்காது குளிர்த்தினால் அது திண்மமாக உறைந்து குழாய்களை அடைத்துவிடும். ஆகவே அதனைப் பிரித்தெடுத்து, 150 கிலோமீற்றருக்கு மேற்பட்ட குழாய்வழியே மீண்டும் கடலடிக்கு அனுப்பி, ஏறக்குறைய 2,600 மீற்றர் ஆழத்திலுள்ள தூபோவன் என்னும் மணற்கற் படையினுள் ஒரு கிணற்றின் வழியே செலுத்தத் திட்டமிட்டனர். ஆண்டுக்கு ஏறக்குறைய 7 இலட்சம் தொன் என்பது மதிப்பு. 2008ஆம் ஆண்டு ஏப்பிரலிலே இவ்வேலை தொடங்கிற்று.

இனி, இத்தகைய கிணற்றை மென்பொருள் எவ்வாறு கணிக்கின்றது எனக் காண்பாம்.

கணக்கு இரு பகுதியாகும். ஒன்று குழாயைப் பற்றியது, மற்றது பாறையைப் பற்றியது. குழாய்ப் பகுதியிலே, கிணற்றடியின் அமுக்கம் யாதெனக் காணல் வேண்டும். கிணற்றுவாயின் அமுக்கத்தோடு குழாயினுள் நிற்கும் பாய்பொருளின் பாரத்தால் வரும் அமுக்கத்தைக் கூட்டி, குழாய்ச் சுவரின் உராய்வால் இழக்கப்படுவதைக் கழித்தால் அது கிடைக்கும். கேட்க எளிது. ஆனால் பாய்பொருளின் பாரத்தைக் காண அதன் அடர்த்தி வேண்டும். அடர்த்தியோ அமுக்கத்தையும் வெப்பநிலையையும் சார்ந்தது. அவ்விரண்டும் ஆழத்துக்கு ஆழம் வேறுபடுவன.

உயர்தர வகுப்பு மாணவர் இலட்சிய வாயுச் சமன்பாட்டை அறிவர். 40 பாகை வெப்பநிலையிலும் 100 பார் அமுக்கத்திலும் காபனீரொட்சைட்டின் அடர்த்தி யாதென அச்சமன்பாட்டைக்கொண்டு கணித்தால், கனமீற்றருக்கு 169 கிலோகிராம் என வரும். அளந்து கண்ட உண்மையோ ஏறக்குறைய 628 கிலோகிராம். விடை சற்றே பிழைக்கவில்லை. ஏறத்தாழ நான்கு மடங்கு பிழைத்துவிட்டது. பாடநூலில் 'இலட்சிய' என்னும் அடைமொழியை நாம் எத்துணை எளிதாகக் கடந்து செல்கின்றோம் என்பதை மாணவருக்கு உணர்த்த இதனினும் நல்ல எடுத்துக்காட்டை யான் கண்டிலேன். காபனீரொட்சைட்டின் அவதி வெப்பநிலை 31 பாகை. அவதி அமுக்கம் 74 பாருக்குச் சற்றுக் குறைவு. பெல்பாஸ்ற் நகரிலே தோமசு அன்ட்றூஸ் என்பார் 1869இல் அவதிநிலை என்னும் உண்மையை விளக்கியதும் இவ்வாயுவைக் கொண்டேயாம். கிணற்றினுள் நிலவும் நிலைமைகள் இவ்வெல்லையை அடுத்தும் கடந்தும் இருத்தலின், அங்கே அது வாயுவுக்கும் திரவத்துக்கும் இடைப்பட்ட இயல்போடு நடந்துகொள்கின்றது. எனவே மென்பொருளினுள் இதற்கென வேறு நிலைச் சமன்பாடுகளைப் பொதிந்து வைப்பர். வன் டெர் வால்சு 1873இல் காட்டிய வழியைப் பின்பற்றிப் பெங், றொபின்சன் ஆகிய இருவரும் 1976இல் அமைத்த சமன்பாடு அவற்றுள் பெருவழக்கினது. காபனீரொட்சைட்டுக்கென்றே ஸ்பான், வாக்னர் என்போர் 1996இல் வெளியிட்டது அதனினும் நுட்பமானது.

எடுத்துக்காட்டாக, கடலடியிலிருந்து 2,300 மீற்றர் இறங்கும் குழாயொன்றிலே பாய்பொருளின் சராசரி அடர்த்தி 850 கிலோகிராம் எனக் கொள்வோம். அத்தூணின் பாரத்தால் வரும் அமுக்கம் ஏறக்குறைய 190 பார் ஆகும். அடர்த்தியில் நூற்றுக்கு ஐந்து பிழை நேர்ந்தாலே கிணற்றடி அமுக்கத்தில் 10 பார் வரை பிழை சேரும். ஆகையாற்றான் மென்பொருள் குழாயைச் சிறு சிறு துண்டுகளாகப் பகுத்து, துண்டுதோறும் அமுக்கத்தை முதலில் உத்தேசமாகக் கொண்டு, அடர்த்தியைக் கண்டு, அதனால் அமுக்கத்தைத் திருத்தி, இரண்டும் ஒத்து வருமளவும் மீண்டும் மீண்டும் கணிக்கின்றது. சுற்றியுள்ள பாறையிலிருந்து வரும் வெப்பமும் உடன் கணிக்கப்படும். கையாற் செய்தால் நாட்கணக்கிற் செல்லும் வேலை நொடியில் முடிகின்றது. எடின்பரோவிலே ஆக்கப்பெற்ற புரொஸ்பர், நோர்வேயிலே 1980களில் வளர்ந்த ஓல்கா முதலிய நிரல்கள் இத்துறையிற் பெயர்பெற்றவை.

பாறைப் பகுதிக்கு அடிப்படை, டிஜோன் நகரின் நீர்வழங்கலை ஆராய்ந்து ஹென்றி டார்சி 1856இல் வெளியிட்ட விதி. கிணற்றடி அமுக்கம் பாறையின் அமுக்கத்திலும் எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்குப் பாய்வு வீதம் மிகும். வீதத்தைக் கிடையச்சிலும் கிணற்றடி அமுக்கத்தை நிலையச்சிலும் குறித்து வரைபு கீறினால், குழாய் தரக்கூடிய அமுக்கம் ஒரு வளையியாகவும் பாறை வேண்டும் அமுக்கம் மற்றொரு வளையியாகவும் அமையும். வீதம் மிக மிக உராய்வு பெருகுதலின் முதலாவது இறங்கும், இரண்டாவது ஏறும். இரண்டும் வெட்டும் புள்ளியே கிணறு இயங்கும் நிலையாகும். முதல் வினாவின் விடை இதுவே.

ஈண்டு ஒரு நுட்பத்தை நோக்குதல் வேண்டும். கிணற்றைச் சுற்றி வட்டமாகப் பரவும் பாய்விலே அமுக்க இழப்பு தூரத்தின் மடக்கையைப் பொறுத்தது. கிணற்றின் ஆரை 0.1 மீற்றராயின், அங்கிருந்து 1 மீற்றர் வரையும், 1 முதல் 10 வரையும், 10 முதல் 100 வரையும், 100 முதல் 1,000 வரையும் அமுக்கம் சம அளவிலேயே குறையும். அஃதாவது ஒரு கிலோமீற்றர்த் தூரத்தில் இழக்கப்படும் அமுக்கத்தின் காற்பங்கு முதல் ஒரு மீற்றருக்குள்ளேயே கழிந்துவிடும். ஆகவே கிணற்றையொட்டிய சிறு அடைப்பொன்று பெருந்தடையாகும்.

இரண்டாம் வினாவுக்கு வருவோம். பாறையின் நுண்டுளைகள் வெறுமையாக இருப்பனவல்ல, உப்புநீர் நிறைந்தவை. வாயு புகவேண்டுமாயின் நீர் விலகிச் செல்லல் வேண்டும். செல்ல வழியில்லையேல் நெருங்குதல் வேண்டும். நீரும் பாறையும் சேர்ந்து ஒரு பார் அமுக்கத்துக்குத் தம் கனவளவிற் பதினாயிரத்தில் ஒரு பங்கு இடந்தரும் என உத்தேசமாகக் கொள்வோம். 100 பார் உயர்வை அனுமதித்தாலும் கிடைப்பது துளைவெளியின் நூற்றில் ஒரு பங்கே. பத்து இலட்சம் தொன் காபனீரொட்சைட்டு அவ்வாழத்தில் ஏறக்குறைய 14 இலட்சம் கனமீற்றர் இடங்கொள்ளும். அதற்கு நூறு மடங்கு துளைவெளி வேண்டும். துளைவெளி பாறையில் நூற்றுக்குப் பதினைந்தாயின், ஏறத்தாழ ஒரு கனகிலோமீற்றர்ப் பாறை தடையின்றித் தொடர்புற்றிருத்தல் வேண்டும். அத்தொடர்பு உண்டா, இல்லையா என்பதைக் கிணற்றில் எடுத்த சிறு பாறைத்துண்டு சொல்லாது. மென்பொருளும் தானாக அறியாது. நாம் 'உண்டு' என்று எழுதிக் கொடுத்தால் அது உண்டென்றே கொண்டு கணிக்கும்.

தூபோவன் படையில் நிகழ்ந்தது இதுவே. செலுத்தத் தொடங்கிய சில மாதங்களுக்குள் அமுக்கம் எதிர்பார்த்ததிலும் விரைவாக ஏறலாயிற்று. பாறையின் தொடக்க அமுக்கம் ஏறக்குறைய 290 பார். ஏறக்குறைய 390 பாருக்கு மேற் சென்றாற் பாறை பிளக்கலாம் என மதித்திருந்தனர். பாறை பிளந்தால் மேலே மூடியாக நிற்கும் படையின் உறுதி ஐயத்துக்குரியதாகும்; புதைத்த வாயு புதைந்தே கிடக்கும் என்னும் உறுதிமொழியும் உடன் ஐயத்துக்குரியதாகும்.

காரணம் யாது? முதலில் உப்பின்மேல் ஐயம் சென்றது. உலர்ந்த காபனீரொட்சைட்டு கிணற்றையொட்டிய நீரை ஆவியாக்கிக் கொண்டுபோக, எஞ்சிய உப்பு துளைகளை அடைக்கும். மேலே கூறிய மடக்கைக் கணக்கின்படி இது பெருந்தடையே. எதிலீன் கிளைக்கோற் கரைசலைக் காலத்துக்குக் காலம் செலுத்தியபோது நிலைமை திருந்திற்று. ஆயினும் அமுக்கம் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறுவது நிற்கவில்லை.

இரு நோய்களையும் வேறுபடுத்தி அறியும் முறை அழகானது. செலுத்துதலைச் சிறிது காலம் நிறுத்தி, கிணற்றினுள் வைத்த அமுக்கமானி காட்டுவதை நோக்குதல் வேண்டும். அடைப்புக் கிணற்றருகே மட்டும் இருப்பின், பாய்வு நின்றவுடன் தடையும் பொருளற்றதாகும். ஆகவே அமுக்கம் விரைந்து விழுந்து பாறையின் பழைய அமுக்கத்தை அடையும். பாறையே மூடிய பெட்டி போன்றதாயின், எத்துணைக் காலம் காத்திருந்தாலும் அது பழைய நிலைக்கு இறங்காது. இவ்விரு வடிவங்களையும் மென்பொருளில் முன்னரே வரைந்து வைத்து, அளந்த வளையியோடு ஒப்பிட்டால் நோய் புலப்படும். மருத்துவன் காய்ச்சலின் ஏற்ற இறக்கத்தைக்கொண்டு நோயை ஊகிப்பது போன்றது இது. மானியோ படைக்குச் சில நூறு மீற்றர் மேலேதான் பொருத்தப்பட்டிருந்தது. இடைப்பட்ட தூணின் பாரத்தைக் குழாய்க் கணக்கே இட்டு நிரப்பவேண்டியிருந்தது. முன்னே அடர்த்தியைப்பற்றி யான் விரித்துரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ட முடிவு, பாறை பலவாகப் பிரிந்து கிடக்கின்றது என்பதே. தூபோவன் மணல், ஏறத்தாழ இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகளும் கழிமுகங்களும் படியவிட்டது. ஆற்றுமணல் பரந்த விரிப்பாகப் படிவதில்லை. ஒடுங்கிய கால்வாய்களாகக் கிடக்கும். இடையிடையே சேற்றுப் படிவுகள் சுவராக நிற்கும். 2009இல் மீண்டும் எடுத்த நிலநடுக்க அலைப்படமும் வாயு ஒடுங்கிய பகுதிகளிலே சென்றமையைக் காட்டிற்று.

வடகடலிலே 1996 முதல் காபனீரொட்சைட்டை ஏற்றுவரும் ஸ்லைப்னர்க் கிணற்றின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. அங்குள்ள ஊற்சிரா மணல் இறுகாதது, பரந்தது, உட்புகவிடும் இயல்பு மிக்கது. ஆண்டுக்குப் பத்து இலட்சம் தொன்னுக்கு அண்மையாகச் செலுத்தியும் அமுக்கம் குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்திலது. அக்கிணற்றின் அடியில் அமுக்கமானியே இல்லை என்பதும் கருதத்தக்கது. பாறையின் பரப்பு அக்குறையை மறைத்துவிட்டது. ஸ்லைப்னரின் வெற்றியை மட்டும் கண்டவர் ஸ்னோவித்திலும் அவ்வாறே ஆகும் என எண்ணியிருந்தால் அது இயல்பே. ஆனால் முன்னைய கிணறு பொய்த்துப்போகாமைக்குக் காரணம் கணிப்பின் நுட்பமா, பாறையின் தாராளமா என்று வினவியிருத்தல் வேண்டும்.

அமுக்கம் எல்லையை நெருங்கிக்கொண்டிருந்த நிலையில், 2011ஆம் ஆண்டு ஏப்பிரலிலே தூபோவன் படைக்குச் செலுத்துதலை நிறுத்தினர். அதற்குள் ஏறக்குறைய பதினொரு இலட்சம் தொன் உட்சென்றிருந்தது. அதே கிணற்றின் அடிப்பகுதியை அடைத்து, மேலேயுள்ள ஸ்தோ என்னும் படையிலே குழாய்க்குத் துளையிட்டு, அங்கே செலுத்தலாயினர். இதற்கு வேண்டிய ஏற்பாடு கிணற்றை அமைக்கும்போதே விடப்பட்டிருந்தமையால் புதிதாகத் துளைக்கவேண்டிய அவசரம் நேர்ந்திலது. ஸ்தோ படை கடலோரத்தே படிந்த மணல், தொடர்புற்றது, எரிவாயு எடுக்கப்படும் பகுதியோடும் இணைந்தது. ஆகவே ஒருபுறம் எடுக்க மறுபுறம் செலுத்த, அமுக்கம் முன்போல் ஏறவில்லை. ஆனால் அவ்விணைப்பே வேறொரு கவலையை உடன் கொணர்ந்தது: செலுத்திய காபனீரொட்சைட்டு நாளடைவில் எரிவாயுக் கிணறுகளை அடைந்து, நீக்கிய இடத்துக்கே மீண்டுவிடலாமன்றோ? அதனைத் தவிர்க்கும்பொருட்டுப் பின்னர் வயலின் வேறொரு பிரிவிலே புதுக் கிணறொன்று துளைக்கப்பட்டது.