தலைக்கு இத்தனை டாலர்

விளைச்சல் பொய்த்தால் உழவன் நலிவடைவான் என்பது யாவரும் அறிந்தது. கொட்டில் நிறைந்திருந்தும் அவன் நலிவடையும் காலம் ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றின்போது அமெரிக்காவில் அதுவே நேர்ந்தது. அப்பொழுது அந்நாட்டு அரசாங்கம் வழங்கிய நிவாரணம் எவ்வாறு அளக்கப்பட்டது என்பதை நாம் இங்கே காண்போம்.

அயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் சூ என்றொரு கவுண்டி உள்ளது. கவுண்டி என்பது மாநிலத்தினுள் அடங்கிய, ஏறக்குறைய நம் தாலுகாவை ஒத்த நிர்வாகப் பிரிவாகும். மக்காச்சோளமும் சோயா மொச்சையும் விளையும் அப்பகுதி, பன்றி வளர்ப்பில் அம்மாநிலத்திலேயே முன்னணியில் நிற்பது. 2020 ஏப்ரலில், அண்டை மாநிலமான தெற்கு டகோட்டாவின் சூ பால்ஸ் நகரிலிருந்த பெரிய இறைச்சி ஆலை, தொழிலாளரிடையே நோய் பரவியதால் மூடப்பட்டது. வேறு சில ஆலைகளும் மூடின. விற்பனைக்குரிய பருவத்தை எட்டிய பன்றிகள் கொட்டிலிலேயே தங்கின. தீனிச் செலவு நிற்கவில்லை. அடுத்து வளரும் குட்டிகளுக்கு இடமும் இல்லை. விலையோ சரிந்தது.

அம்மாதமே அமெரிக்க வேளாண்மைத் துறை, நாடு முழுவதும் உழவர்களுக்கு 1,600 கோடி டாலர் நேரடி உதவியாக வழங்கப்படும் என அறிவித்தது. மே 26 முதல் அத்துறையின் உள்ளூர் அலுவலகங்கள் விண்ணப்பங்களைப் பெற்றன. ஜனவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை விற்ற வளர்ந்த பன்றி ஒன்றுக்கு 18 டாலர். அதற்குப்பின் கையிருப்பிலிருந்த பன்றிக்கு 17 டாலர். ஒருவர் பெறக்கூடிய உச்சவரம்பு 2,50,000 டாலர். செப்டம்பரில் அறிவித்த இரண்டாம் திட்டத்தில் பன்றிக்கு 23 டாலர் என வகுக்கப்பட்டது.

தலையை எண்ணிப் பணம் தருவது எளிது, விரைவில் முடிவது. ஆயினும், கையிருப்பில் 500 பன்றிகள் உடையவருக்கு 8,500 டாலர் கிடைக்க, 10,000 பன்றிகள் உடையவருக்கு 1,70,000 டாலர் கிடைத்தது. அன்றியும், பிறருடைய பன்றிகளை ஒப்பந்தத்தின்பேரில் வளர்ப்போர் பலர் அங்கு உண்டு. கொட்டிலும் அதைக் கட்டிய கடனும் அவர்களுடையவை. பன்றி மட்டும் அவர்களுடையதன்று. ஆகவே முதலில் நிவாரணம் அவர்களை எட்டவில்லை. 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டமே அவர்களுக்கு வழி வகுத்தது.

அதே ஏப்ரலில் நம் நாட்டில், பிரதமரின் கிசான் சம்மான் நிதியின் தவணையாகிய 2,000 ரூபாய் முன்கூட்டியே வழங்கப்பட்டது. இங்கே அளவுகோல் குடும்பம். ஓர் ஏக்கருக்கும் ஐந்து ஏக்கருக்கும் தொகை ஒன்றே. எனினும் நிலம் தம் பெயரில் உள்ளவருக்கே அது உரியது. குத்தகைக்கு உழுபவருக்கு இல்லை.

இரு நாடுகளின் முறையும் வேறு. விடுபட்டவர் நிலையோ ஏறத்தாழ ஒன்றே. உடைமை ஒருவருடையதாகவும் உழைப்பு மற்றொருவருடையதாகவும் இருக்குமிடத்தில், நிவாரணம் உடைமையைத் தேடியே செல்கிறது. ஊரிலுள்ள நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள், பணம் எவர் கணக்கில் சேர்கிறது, நஷ்டம் எவர் தலையில் விழுகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்பது நலம்.