பழைய காரின் கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது?

குடும்பத்திற்காக எர்டிகா, இன்னோவா போன்ற பழைய கார் வாங்கப் போகிறீர்களா? பளபளப்பை மட்டும் பார்த்து முடிவு செய்திட வேண்டாம். காருக்குள் உள்ள கம்ப்யூட்டர், இன்ஜின் கோளாறுகளைக் குறியீடுகளாகத் தன் மெமரியில் பதிந்து வைக்கிறது.

இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் பி.எஸ்.-4 கார்களுக்கு ஓ.பி.டி.-2 வசதி கட்டாயமானது. ஸ்டீயரிங் பக்கம், டாஷ்போர்டின் அடியில் 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் இ.எல்.எம்.327 வகை புளூடூத் ரீடரைச் செருகி, சாவியை ஆன் செய்து, மொபைல் போனில் உள்ள ஓ.பி.டி. அப்ளிகேஷனுடன் இணைத்திடுங்கள். எடுத்துக்காட்டாக, பி0300 என்று வந்தால் சிலிண்டர்களில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள்.

குறியீடு எதுவும் இல்லையா? உடனே மகிழ வேண்டாம். பிரவுசர் ஹிஸ்டரியைப் போல இதனையும் நொடியில் அழித்திடலாம். ஆனால், அழித்ததும் 'ரெடினஸ்' பட்டியலில் பல சோதனைகள் முடியாதவையாகக் காட்டப்படும். கார் மீண்டும் ஓடினால்தான் அவை முடியும். 'குறியீடு அழித்தபின் ஓடிய தூரம்' சில கிலோமீட்டரே எனில் விற்பவரிடம் காரணம் கேளுங்கள். பேட்டரியைக் கழற்றினாலும் இவ்வாறு ஆகலாம். எனவே, சில நாள் ஓடிய பின் மீண்டும் சோதித்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

கிளட்ச், சஸ்பென்ஷன் தேய்மானம் இதில் தெரியாது. அதற்கு நல்ல மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள்.