எண்பத்தாறாவது மைல்

வர்ஜீனியா மாநிலத்தில், மணிக்கு 70 மைல் என்று பலகை நாட்டியிருக்கும் நெடுஞ்சாலையில் 85 மைல் வேகத்தில் காரைச் செலுத்திக்கொண்டு போகிறவர் போலீசாரிடம் அகப்பட்டால், சாதாரண வேக மீறலுக்குரிய அபராதத்தைக் கட்டிவிட்டுத் தம் காரியத்தைப் பார்க்கப் போகலாம். அவருக்குப் பின்னால் அதே சாலையில் 86 மைல் வேகத்தில் வந்தவரோ, சில்லறைத் திருட்டையும் கைகலப்பையும் அந்த மாநிலத்துச் சட்டம் எந்த வகுப்பில் வைத்திருக்கிறதோ அதே வகுப்பைச் சேர்ந்த குற்றத்துக்காக நியாயஸ்தலத்தில் வந்து நிற்கவேண்டியவர் ஆகிறார். நம் கணக்கில் 86 மைல் என்பது ஏறக்குறைய 138 கிலோமீட்டர். அகன்று நேராக ஓடும் அமெரிக்கச் சாலைகளில் அந்த வேகம் ஓட்டுகிறவருக்குப் பெரிதாகத் தெரிவதே இல்லை என்பதுதான் இந்த விவகாரத்தின் விசேஷம்.

அம்மாநிலச் சட்டத் தொகுப்பின் 46.2-862 ஆம் பிரிவு, இரண்டு விதங்களில் வேகம் 'ரெக்லெஸ் டிரைவிங்' என்னும் குற்றமாகிறது என்று சொல்கிறது: விதிக்கப்பட்ட எல்லையை 20 மைலோ அதற்கு மேலோ மீறினால் ஒன்று; எல்லை எதுவானாலும் 85 மைலைத் தாண்டினால் மற்றொன்று. இந்த 85 என்பது 2020 ஜூலைக்கு முன்பு 80 ஆக இருந்தது. அதாவது, 70 மைல் சாலையில் 81 மைல் வேகத்தில் போனவர்கூட அந்நாளில் குற்றவாளியாக நிற்க நேர்ந்தது. தண்டனையின் உச்சவரம்பு 12 மாதச் சிறைவாசமும் 2,500 டாலர் அபராதமும். அவற்றோடு ஆறு மாதம் வரையில் லைசென்ஸையும் நிறுத்தி வைக்கலாம். சாரதியின் பெயரில் ஆறு தண்டப் புள்ளிகள் ஏறுவதோடு, அந்தக் குற்றப் பதிவு 11 ஆண்டுகள் அவரது ஓட்டுநர் ஏட்டில் நீங்காமல் கிடக்கும். இதுவும் போதாதென்று 2007 ஆம் ஆண்டில், இத்தகைய குற்றம் செய்த உள்மாநிலவாசிகளிடம் மூன்று ஆண்டுத் தவணையில் ஆயிரம் டாலருக்கு மேல் வசூலிக்க ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். வெளிமாநிலத்தார்க்கு அது கிடையாது என்ற விசித்திரத்தைக் கண்டு ஜனங்கள் கொதித்தெழவே, ஓராண்டு நிறைவதற்குள் அதை ரத்து செய்துவிட்டார்கள்.

வாஷிங்டன் நகரை ஒட்டிய ஃபேர்ஃபாக்ஸ், லவுடன் கவுண்ட்டிகளில் கம்ப்யூட்டர் தொழிலின் நிமித்தம் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக இருக்கின்றன. ஊரிலே போக்குவரத்துப் போலீசாரின் அபராதத்தை ஒரு சில்லறைச் செலவாகவே எண்ணிப் பழகியவர்களுக்கு, தபாலிலோ இணையத்திலோ பணத்தைக் கட்டி முடித்துக்கொள்ள முடியாத டிக்கெட் ஒன்று கைக்கு வந்ததும் உண்டாகும் திகைப்பு சாமானியமானதல்ல. விசா விண்ணப்பத்தில், எந்தக் குற்றத்துக்காகவேனும் கைதானதோ தண்டிக்கப்பட்டதோ உண்டா என்று கேட்டிருக்கும் இடத்தில் உண்மையை எழுதவேண்டிய கடமை அவர்களுக்கு இருப்பதால், மற்றவர்களைக் காட்டிலும் அதிகமான கவலையோடு அவர்கள் வக்கீலைத் தேடிப் போகிறார்கள்.

வழக்கு நியாயஸ்தலத்தில் ஆரம்பமாவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது சாலையோரத்திலேயே பாதி நடந்து முடிந்துவிடுகிறது. காரின் ஜன்னலருகே வந்து நிற்கும் போலீஸ்காரர், "எவ்வளவு வேகத்தில் வந்தீர்கள், தெரியுமா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்கும்போது, "எண்பது இருக்கும், சார், ஆபீசுக்கு நேரமாகிவிட்டது" என்று பணிவோடு சொல்லிவிட்டால், அந்தப் பணிவான வாக்கியமே பிற்பாடு நியாயாதிபதியின் முன்னால் சாட்சியமாக வாசிக்கப்படும். கைது செய்யப்பட்டவரிடம் மௌனம் சாதிக்கும் உரிமையை எடுத்துச் சொல்லவேண்டிய கடமை, சாதாரணமாக வண்டியை நிறுத்தி விசாரிக்கும் போலீசாருக்கு இல்லையென்று 1984 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்மானித்திருக்கிறது. சம்மனில் கையெழுத்திடுவதோ வேறு விஷயம். குறித்த நாளில் ஆஜராகிறேன் என்ற வாக்குறுதியே அது, குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. இந்த வித்தியாசம் தெரியாமல் கையெழுத்திட மறுத்துத் தகராறு செய்துவிட்டு, வேகத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் விஸ்தாரமாகப் பதில் சொல்லுகிறவர், தமக்குத் தாமே செய்துகொள்ளும் தீங்குக்கு அளவில்லை.

விசாரணை நடக்கும் இடத்துக்கு ஜெனரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட் என்று பெயர். அங்கே ஜூரி கிடையாது. நடவடிக்கைகளைச் சொல்லுக்குச் சொல் எழுதி வைக்கும் ஏற்பாடும் கிடையாது. ஒரே நியாயாதிபதி காலையிலிருந்து வரிசையாக வழக்குகளைக் கூப்பிட்டுத் தீர்த்துக்கொண்டே போவார். ஒரு போலீஸ்காரர் எழுதிய டிக்கெட்டுகளெல்லாம் ஒரே நாளில் விசாரணைக்கு வருவதால், முன்னால் போனவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்துக்கொண்டே தம் முறைக்காகக் காத்திருக்கும் பாக்கியமோ துர்ப்பாக்கியமோ பிரதிவாதிக்கு வாய்க்கிறது. ஆனால் இது குற்ற வழக்கு என்பதை மறக்கலாகாது. நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாதபடி நிரூபிக்க வேண்டிய பாரம் முழுவதும் அரசாங்கத் தரப்பைச் சேர்ந்தது. பிரதிவாதி வாயைத் திறக்க வேண்டியதுகூட இல்லை. இன்னார்தான் ஓட்டினார், இந்தக் கவுண்ட்டிக்குள்தான் ஓட்டினார், அங்கே எல்லை இவ்வளவு, அவர் வேகம் இவ்வளவு என்ற நான்கையும் போலீஸ்காரர் சொல்லியாக வேண்டும். முதல் மூன்றில் அவர் பெரும்பாலும் தவறுவதில்லை. வழக்காடுவது என்பதெல்லாம் நான்காவதாகிய எண்ணை எப்படி நிலைநாட்டுகிறார் என்பதைப் பற்றியதுதான். வேகமாகப் போகவில்லை என்று பிரதிவாதி சத்தியம் செய்வதனால் அந்த எண் அசைந்து கொடுப்பதில்லை.

ரேடார் கருவி அனுப்பும் அலை, நம்மை நோக்கி வரும் வண்டியில் பட்டுத் திரும்பும்போது சற்றே அதிர்வெண் கூடித் திரும்புகிறது. அந்தக் கூடுதலிலிருந்து வேகத்தைக் கணிக்கிறார்கள். 24.15 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்யும் கருவிக்கு, வண்டியின் வேகத்தில் ஒவ்வொரு மைலுக்கும் ஏறக்குறைய 72 அதிர்வுகள் கூடும். ஆகவே, விநாடிக்கு 4,680 தடவை அதிரும்படி செய்த ஓர் இசைக்கவையைத் தட்டிக் கருவியின் முன்னால் நீட்டினால், ஓடாத அந்த உலோகத் துண்டு 65 மைல் வேகத்தில் வருவதாகக் கருவி காட்ட வேண்டும். காட்டினால் கருவி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துப் பௌதிக வகுப்பில் பார்த்துவிட்டு மறந்துபோன அந்தக் கவையின்மேல் ஒரு மனிதனின் சிறைவாசம் தொங்குகிறது என்பதை எண்ணினால் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ரேடாரின் அடிப்படைத் தத்துவத்தை வழக்குக்கு வழக்கு நிபுணரை அழைத்து நிரூபிக்கத் தேவையில்லை என்று 1955 லேயே நியூ ஜெர்ஸி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தத்துவத்தோடு சண்டையிடுவதில் பயனில்லை. ஆனால் இந்தக் கருவி, இந்தக் கவை, அன்றைய தினம் சரியாக இருந்ததா என்ற கேள்வி எப்போதும் கேட்கத்தக்கது. வர்ஜீனியாச் சட்டம் அதற்கு ஒரு கால வரம்பையும் வைத்திருக்கிறது: பரிசோதனை ஆறு மாதத்துக்கு மேற்பட்டதானால் செல்லாது. போலீஸ்காரர் கொண்டுவரும் பிரமாணச் சான்றிதழைக் கையில் வாங்கித் தேதியைப் பார்ப்பதுதான் அனுபவமுள்ள வக்கீலின் முதல் காரியம். சான்றிதழ் இல்லாவிட்டாலும், தேதி கடந்திருந்தாலும், உரிய சமயத்தில் எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். ஆட்சேபிக்காமல் இருந்துவிட்டால் எண் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

கருவியை நம்பாதவர்கள் 1979 ஆம் ஆண்டு மயாமியில் நடந்ததை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு டெலிவிஷன் நிருபர், ரேடார் கருவியொன்று நின்ற இடத்திலே நிற்கும் பனை வகை மரத்தின் வேகம் 86 மைல் என்றும், ஒரு வீட்டின் வேகம் 28 மைல் என்றும் காட்டியதைப் படம்பிடித்து ஒளிபரப்பினார். அதன் பின்னர் நிபுணர்களைக் கூட்டி வைத்து நீண்ட விசாரணை நடத்திய நியாயாதிபதி ஆல்ஃபிரட் நெஸ்பிட், தம்முன் இருந்த வழக்குகளில் ரேடார் சாட்சியத்தை ஏற்க மறுத்தார். அதன் பிறகு மத்திய அரசாங்கமே கருவிகளைச் சோதித்துத் தரம் வகுத்ததனால், இன்றைய கருவிகள் அவ்வளவு அபத்தமாக நடந்துகொள்வதில்லை. மயாமிக் கதையை இன்று கோர்ட்டில் எடுத்துச் சொல்லுகிறவர் நியாயாதிபதியின் புன்னகையைத் தவிர வேறெதையும் சம்பாதிக்க மாட்டார்.

இன்றைக்கும் கவனிக்கத்தக்க பிழை, ஓடும் போலீஸ் காரிலிருந்து அளக்கும்போது ஏற்படுவது. எதிரே வரும் வண்டியும் போலீஸ் காரும் ஒன்றையொன்று நெருங்கும் மொத்த வேகத்தைக் கருவி முதலில் அறிகிறது. அப்புறம் சாலையோரத்துப் பொருள்களிலிருந்து திரும்பும் அலையைக் கொண்டு போலீஸ் காரின் சொந்த வேகத்தை அறிந்து, அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை எதிர்வண்டிமேல் எழுதுகிறது. நெருங்கும் வேகம் 140 மைல், போலீஸ் காரின் வேகம் 65 மைல் என்றால் மிச்சம் 75. ஆனால் முன்னால் போகும் பெரிய லாரியொன்றைச் சாலை என்று மயங்கியோ, கோணத்தின் காரணமாகவோ, போலீஸ் காரின் வேகத்தைக் கருவி 54 என்று குறைத்துக் கொண்டுவிட்டால், கழித்து வரும் மிச்சம் 86 ஆகிவிடும். ஒரு வேக மீறல் அந்தக் கழித்தல் கணக்கிலேயே குற்றமாக மாறிவிடும். கருவி காட்டும் சொந்த வேகத்தைத் தம் காரின் ஸ்பீடோமீட்டரோடு அந்த நிமிஷத்தில் ஒப்பிட்டுப் பார்த்தாரா என்று போலீஸ்காரரை வக்கீல் கேட்பது இதனால்தான். சாலையோரத்தில் நிறுத்திய காரிலிருந்து அளந்தால் கோணப் பிழை நமக்குச் சாதகமாகவே இருக்கும். உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும். ஆகையால் 'கோணம் சரியில்லை' என்று பொத்தாம் பொதுவாக வாதிப்பது, என் அபிப்பிராயத்தில், தன் குற்றத்தைத் தானே பெரிதாக்கிக் காட்டுவதாகும்.

பின்தொடர்ந்து வந்து தம் ஸ்பீடோமீட்டரைப் பார்த்து வேகத்தைச் சொல்லும் பழைய வழக்கமும் இருக்கிறது. அப்போது கேட்க வேண்டியது, எவ்வளவு தூரம் தொடர்ந்தார், இடைவெளி கூடாமல் குறையாமல் இருந்ததா, அந்த ஸ்பீடோமீட்டரைப் பரிசோதித்த சான்றிதழ் உண்டா என்பவையே.

பிரதிவாதிக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. தம் காரின் ஸ்பீடோமீட்டரை ஒரு பட்டறையில் சோதித்து, சத்தியப் பிரமாணத்தோடு அறிக்கை வாங்கிக்கொண்டு போனால், கோர்ட் அதை ஏற்று, குற்றமா இல்லையா என்று தீர்மானிப்பதிலும், தண்டனையை அளவிடுவதிலும் கவனிக்க வேண்டுமென்று சட்டம் சொல்கிறது. பெரிய டயர் மாட்டிய கார் உண்மையைவிடக் குறைந்த வேகத்தையே முள்ளில் காட்டும். ரேடார் அளந்தது உண்மையான வேகத்தையல்லவா, முள்ளின் பொய்யால் அது எப்படிக் குறையும் என்று தர்க்கம் பேசுகிறவர்கள் கேட்கலாம், கேள்வி சரிதான். ஆனாலும், தெரிந்து செய்தவனுக்கும் முள்ளை நம்பி ஏமாந்தவனுக்கும் பேதம் பாராட்டுவது மனித இயல்பு, நியாயாதிபதியும் மனிதரே.

அந்தப் பேதத்துக்குச் சட்டத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள். பிழை சொற்பமானது என்று தோன்றினால், ரெக்லெஸ் என்ற குற்றச்சாட்டை 'இம்ப்ராப்பர் டிரைவிங்' என்று குறைக்கலாம். சிறை கிடையாது, 500 டாலருக்கு மேற்படாத அபராதத்தோடு போகும். சாதாரண வேக மீறலாகவும் குறைக்கலாம். இதற்காகவே வக்கீல்கள் தம் கட்சிக்காரரை விசாரணைத் தேதிக்கு முன்பே எட்டு மணி நேர ஓட்டுநர் சீர்திருத்த வகுப்புக்குப் போய்வரச் சொல்லுகிறார்கள். வருஷக்கணக்காகப் பிசகின்றி ஓட்டியதற்கு அடையாளமாக ஐந்து நற்புள்ளிகள் வரை ஏறியிருக்கும் ஓட்டுநர் ஏட்டை வாங்கிவரச் சொல்லுகிறார்கள். எல்லாரும் அதே வேகத்தில்தான் போனார்கள் என்பதும், டிக்கெட்டில் காரின் நிறம் தப்பாக எழுதியிருக்கிறது என்பதும் பிரதிவாதிகளுக்கு மிகவும் பிரியமான வாதங்கள். முன்னது குற்றத்தை ஒப்புக்கொள்வது, பின்னது நியாயாதிபதி பேனாவால் திருத்திவிடக் கூடியது. வேகம் தொண்ணூறைத் தாண்டி நூறை எட்டியிருந்தால் பேச்சு வேறு. சிறைக்கு அனுப்பத் தயங்காத நியாயாதிபதிகள் அந்த மாநிலத்தில் உண்டு.

2014 ஆம் ஆண்டில், வாஷிங்டன் பேஸ்பால் குழுவின் பிரசித்தி பெற்ற ஆட்டக்காரரான ஜேசன் வெர்த், 55 மைல் எல்லையுள்ள சுற்றுச்சாலையில் 105 மைல் வேகத்தில் போனதற்காக ஃபேர்ஃபாக்ஸ் கோர்ட்டில் பத்து நாள் சிறைத்தண்டனை பெற்றார். தீர்ப்பு வந்த பத்து நாளுக்குள் சர்க்யூட் கோர்ட்டுக்கு அப்பீல் செய்துகொள்ளும் உரிமை அங்கே யாருக்கும் உண்டு. அப்பீல் செய்த மாத்திரத்தில் கீழ்க் கோர்ட்டில் நடந்ததெல்லாம் நடவாததாகக் கருதப்பட்டு, வேண்டுமானால் ஜூரியோடு, வழக்கு ஆதியிலிருந்து மறுபடி விசாரிக்கப்படும். முதல் விசாரணையில் போலீஸ்காரர் மறந்துவிட்டு வந்த சான்றிதழை இரண்டாவதற்கு மறவாமல் கொண்டுவந்துவிடலாம். தண்டனையும் முன்னதைவிட அதிகமாகிவிடலாம். வெர்த்தும் அப்பீல் செய்தார். ஆனால் மறு விசாரணை நடக்குமுன் குற்றத்தை ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டு, குறைந்த நாட்களை, வார இறுதிகளில் சிறைக்குப் போய்க் கழித்தார்.