உப்பனாற்றைச் சுத்தம் செய்யுமா சிப்பி? விஷத்தைக் காட்டிக் கொடுக்கும் "சாட்சி"!

கடலூர்-

அழுக்குத் தண்ணீரைக் குடித்து, தெளிந்த தண்ணீராக வெளியே விடும் பிராணி ஒன்று கடலில் இருக்கிறது. அதுதான் பச்சைச் சிப்பி. கேரளாவில் "கல்லுமேக்காய்" என்பார்கள்.

இதைக் கயிற்றில் வளர்த்துத் தண்ணீரைச் சுத்தம் செய்ய வெளிநாடுகளில் முயன்று பார்த்திருக்கிறார்கள்.

அப்படியானால் கடலூர் உப்பனாற்றிலும் கட்டித் தொங்க விடலாமே?

விடலாம். ஆனால், அதில் ஓர் ஆபத்து இருக்கிறது!

விவரம் வருமாறு:-

உயிருள்ள சல்லடை

சிப்பி இரை தேடி ஓடாது. இருந்த இடத்திலேயே ஓட்டைத் திறந்து தண்ணீரை உள்ளே இழுக்கும். அதன் செவுள் சல்லடை மாதிரி வேலை செய்யும். பாசி, தூசு, சாக்கடைத் துகள் எல்லாம் அதில் சிக்கிக் கொள்ளும். வளர்ந்த சிப்பி ஒன்று, மணிக்குச் சில லிட்டர் தண்ணீரை இப்படி வடிகட்டி விடும்.

ஊர்ச் சாக்கடையும், வயலில் போட்ட உரமும் ஆற்றில் கலந்தால் பாசி கொழுக்கும். அந்தப் பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் பிராணவாயு குறைந்து மீன்கள் சாகும். பாசியைச் சிப்பி தின்கிறது. சிப்பியை வெளியே எடுத்தால் உரச்சத்தும் கூடவே வெளியேறும். 1 டன் சிப்பியை எடுத்தால் சுமார் 10 கிலோ நைட்ரஜன் வெளியேறும்.

நியூயார்க்கில் சோதனை

அமெரிக்காவில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் ஆற்றில், 2011-ம் ஆண்டு வாக்கில் 20 அடிக்கு 20 அடி மிதவை ஒன்றை விட்டார்கள். அதன் அடியில் கயிறுகளில் சிப்பி வளர்ந்தது. மிதவை முழுக்கச் சிப்பி பிடித்தால், ஒரு நாளில் சுமார் 1 கோடியே 10 லட்சம் லிட்டர் தண்ணீரை வடிகட்டும் என்று கணக்கிட்டார்கள்.

அந்தச் சிப்பி தின்பதற்காக வளர்க்கப்பட்டது அல்ல!

கேரளாவில் காசர்கோடு மாவட்டம் படன்னை பக்கம் பெண்கள் குழுவாகச் சேர்ந்து கல்லுமேக்காய் வளர்க்கிறார்கள். சிப்பிக் குஞ்சுகளைக் கயிற்றைச் சுற்றி வைத்து, பருத்தி வலைத்துணியால் மூடித் தைத்து, மூங்கில் பந்தலில் கட்டித் தொங்க விடுவார்கள். சில நாளில் துணி மக்கிப் போகும். அதற்குள் சிப்பி தன் நாரால் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். ஐந்து, ஆறு மாதத்தில் அறுவடை. இது சாப்பாட்டுக்கு.

பரங்கிப்பேட்டை கண்ட உண்மை

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், வெள்ளாற்று முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. அந்த மையத்தின் விஞ்ஞானிகள் ஜப்பானியருடன் சேர்ந்து, தென்னிந்தியக் கரையோரப் பச்சைச் சிப்பிகளைச் சோதித்தார்கள். 1990-ல் முடிவு வெளியானது. சிப்பியின் சதைக்குள் டி.டி.டி., பி.எச்.சி. பூச்சி மருந்துகளின் மிச்சம் இருந்தது! (பி.எச்.சி. இந்தியாவில் 1997-ல் தடை செய்யப்பட்டது.)

தண்ணீரில் என்ன கலக்கிறதோ, அது சிப்பியின் உடம்பில் சேருகிறது. அதனால்தான் அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் கோல்ட்பர்க், "சிப்பியைக் கடலின் காவல்காரனாக வைக்கலாம்" என்ற யோசனையை 1975-ல் சொன்னார். பல நாடுகள் அதைப் பின்பற்றின.

உப்பனாற்றின் கதை

உப்பனாறு, சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி ஓடி, கடலூர் முதுநகர் பக்கம் கடலில் கலக்கிறது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் உள்ள தொழிற்பகுதிகளுக்கு மாசு "மார்க்" போட்டது. 70-க்கு மேல் வாங்கினால் மிக மோசம். கடலூர் வாங்கியது 77.45.

சாக்கடையைச் சிப்பி சாப்பிடும். ரசாயனத்தையும் உலோகத்தையும் அது அழிக்காது. தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரில் ஓரிரு நாள் போட்டு வைத்தால் கிருமிகள் பெருமளவு வெளியேறும். ஈயமும் பாதரசமும் அவ்வளவு சுலபத்தில் போகாது. குழம்பில் கொதிக்க வைத்தாலும் போகாது!

வயலூரில் 3 பேர் பலி

கெட்டது சேர்ந்த சிப்பி என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1981-ல் வயலூரில் மட்டி தின்றவர்களில் 3 பேர் இறந்தார்கள். 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். 1997-ல் கேரளா விழிஞ்ஞத்தில் சிப்பி தின்ற 7 பேர் பலியானார்கள். இரண்டுக்கும் காரணம் ஆலைக் கழிவு அல்ல. கடலில் தோன்றிய விஷப்பாசியைத் தின்ற சிப்பிகள் அவை. எந்த விஷமானாலும் வழி ஒன்றுதான்: தண்ணீர், சிப்பி, தட்டு.

உப்பனாற்றில் சுத்தம் செய்யக் கட்டிய சிப்பியை ராத்திரியோடு ராத்திரியாக யாராவது அறுத்துக்கொண்டு போய்ச் சந்தையில் போட்டால்? பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விலை மலிவு என்று வாங்கிப் போகிறவன் ஏழை. சாப்பிடப் போவது அவன் பிள்ளைகள்.

என்ன செய்யலாம்?

உப்பனாற்றில் சிப்பியைச் சாட்சியாகத் தொங்க விடலாம். அங்கங்கே நாலு கயிறு. மாதாமாதம் ஒரு பிடி சிப்பி எடுத்துச் சோதனை. எந்த இடத்துச் சிப்பியில் விஷம் ஏறுகிறதோ, அந்தப் பக்கம் இருக்கும் குழாயைத் தேடிப் பிடிக்கலாம். பக்கத்திலேயே பரங்கிப்பேட்டை மையம் இருக்கிறது.

சாப்பாட்டுச் சிப்பிக்குச் சாக்கடையும் ரசாயனமும் கலக்காத தண்ணீர் வேண்டும். அதையும் சோதித்த பிறகே கட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் முகத்துவாரத்தில் உப்பு குறைந்தால் பச்சைச் சிப்பி தாங்காது. தை பிறந்த பிறகுதான் கயிறு கட்ட முடியும்.

கழிவு விடுகிற குழாயை அடைக்காமல் சிப்பியைக் கட்டினால், ஆற்றில் இருக்கிற விஷம் சந்தைக்கு வந்து சேரும். அவ்வளவுதான்!